தஞ்சாவூரில் மலை எங்கே?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூருக்குப் போயிருந்தேன். கல்யாணத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சாம்பாரில் தொடங்கிச் சம்பந்தி சண்டையில் போய் முடியும் என்பது நேயர்களுக்குத் தெரியும். ஆகையால் அதை விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு மறுநாள் பெரியத்தை வீட்டுத் திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியத்தையின் பேத்திக்கு ஒன்பது வயது. பூகோளப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் ஒரு படம். பாலைவனம். நடுவே சிவப்பாக ஒரு குன்று, சுவர் வைத்தாற்போல் செங்குத்தாக எழுந்து, உச்சியில் மேசைப் பலகை மாதிரித் தட்டையாக இருந்தது. சுற்றிலும் வேறு ஒன்றுமே இல்லை.

"சித்தி, இது மலையா, இல்லே யாராவது கட்டினதா?" என்று கேட்டாள்.

"மலைதான்டா கண்ணு."

"அப்படீன்னா ஏன் மேலே சீவின மாதிரி இருக்கு? நம்ம ஊர்லே மலை எங்கே இருக்கு? டீச்சர் பார்த்து வரையச் சொன்னாங்க."

உள்ளேயிருந்து பெரியத்தை குரல் கொடுத்தாள்: "தஞ்சாவூர்லே ஏதுடீ மலை? பெரிய கோயில் விமானத்தைப் பார்த்து வரைஞ்சுட்டுப் போ. அதுக்கு மேலே ஒசரம் இங்கே ஒண்ணும் கிடையாது!"

அத்தை சொன்னதில் தப்பில்லை. கும்பகோணத்திலும் மாயவரத்திலும் வளர்ந்த குழந்தைகளுக்கு மலை என்றால் பழனிக்குப் போகும்போது ஜன்னலோரம் தெரிகிற சமாசாரம். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணில் ஒரு கல்லைத் தேடி எடுப்பதே கஷ்டம். 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த அந்த விமானம் ஏறக்குறைய 216 அடி உயரம். அதற்கான கருங்கல்லை மேற்கே திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்துதான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். மலை இல்லாத ஊருக்கு ராஜா ஒருவன் மலையைக் கொண்டுவந்து வைத்தான் என்று சொல்லலாம்.

ஆனால் பேத்தியின் கேள்வி என்னை விடவில்லை. அந்தச் சிவப்புக் குன்று எப்படி வந்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமானால் கருங்கல்லைக் காட்டிப் பிரயோஜனமில்லை. மணற்கல்லைக் காட்ட வேண்டும். தஞ்சையில் மணற்கல் உண்டா?

உண்டு. ஊருக்குத் தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், திருச்சி ரோட்டில், வல்லம்!

மணற்கல் என்பது என்ன என்பதை முதலில் சமையலறையில் வைத்தே பார்த்துவிடலாம். பொரிவிளங்காய் உருண்டை பிடித்திருக்கிறீர்கள் அல்லவா? மாவு தனித்தனியாகத்தான் இருக்கிறது. பாகை ஊற்றிப் பிடித்ததும் ஒட்டிக்கொள்கிறது. பாகு பதம் சரியாக இருந்தால் பல்லை உடைக்கும். பதம் தவறினால் எடுக்கும்போதே உதிரும். மணலும் அப்படித்தான். காற்றோ ஆறோ மணலைக் கொண்டுவந்து ஓரிடத்தில் அடுக்கடுக்காகச் சேர்க்கிறது. மேலே சேரும் பாரம் கீழே உள்ளதை அழுத்துகிறது. நிலத்தடி நீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு, இரும்புத் துரு, சிலிகா இவையெல்லாம் மணலுக்கு நடுவே பாகு மாதிரி இறங்கி இறுகுகின்றன. லட்சக்கணக்கான வருஷங்களில் மணல் கல்லாகிறது. எந்த அடுக்கில் பாகு நன்றாக இறங்கியதோ அது கெட்டி; எதில் இறங்கவில்லையோ அது பொலபொல.

படத்தில் இருந்த குன்று அமெரிக்காவில் அரிஸோனா, யூட்டா மாகாணங்களின் எல்லையில், நவஹோ பழங்குடி மக்களின் பூமியில் இருக்கிறது. மானுமென்ட் பள்ளத்தாக்கு என்று பெயர். பெயர் தெரியாவிட்டாலும் இடம் உங்களுக்குத் தெரியும். 1939-ல் ஜான் ஃபோர்டு எடுத்த 'ஸ்டேஜ்கோச்' முதற்கொண்டு எத்தனை கௌபாய் படங்களில் குதிரைகள் அந்தக் குன்றுகளுக்கு முன்னால் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியிருக்கின்றன! சில குன்றுகள் ஆயிரம் அடி உயரம். அகலம் அதிகமாக மேசை மாதிரி இருந்தால் 'மெசா' என்கிறார்கள். ஸ்பானிய பாஷையில் மேசை என்றே அர்த்தம். அது தேய்ந்து, அகலத்தைவிட உயரம் அதிகமான தூணாகிவிட்டால் 'ப்யூட்'. இது பிரெஞ்சுச் சொல்.

அந்தக் குன்றுகளின் சுவரான மணற்கல் சுமார் 28 கோடி வருஷங்களுக்கு முன் காற்றில் நகர்ந்துகொண்டிருந்த மணல்மேடுகள். அதற்குக் கீழே சேறு இறுகிய மெதுவான களிப்பாறை. மேலே ஒரு கெட்டி மூடி. ஒரு காலத்தில் அந்தப் பிரதேசம் முழுவதும் ஒரே பீடபூமியாக இருந்தது. மூடி எங்கெல்லாம் விரிசல் விட்டதோ அங்கெல்லாம் மழைநீர் இறங்கியது. கீழேயிருந்த மெதுவான அடுக்கு கரைந்து உள்வாங்கியது. அஸ்திவாரம் போனபின் மேலே உள்ள கல் எத்தனை நாள் நிற்கும்? பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. சரிந்து விழுவதால்தான் சுவர் செங்குத்தாக இருக்கிறது. மூடி மிஞ்சிய இடத்தில் மட்டும் குன்று நிற்கிறது. ஆகவே அது தரையிலிருந்து எழும்பிய மலையல்ல. சுற்றி இருந்ததெல்லாம் போனபிறகு மிஞ்சி நிற்பது!

இதைச் சொன்னதும் பேத்தி, "அப்போ அது மலையே இல்லே, மிச்சம்!" என்றாள். பூகோள சாஸ்திரிகளும் இதைத்தான் 'எஞ்சு குன்று' என்று கௌரவமாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை அவளை அழைத்துக்கொண்டு வல்லத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். "வெயில்லே குழந்தையைக் கறுக்க வைக்காதே" என்று சொல்லி, அத்தை ஒரு குடையும் ஒரு டப்பாத் தயிர் சாதமும் கொடுத்தனுப்பினாள்.

தஞ்சாவூர் நகரமே இரண்டு பூமிகளின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடக் கவனிப்பதில்லை. வடக்கேயும் கிழக்கேயும் கறுத்த வண்டல், வயல், வாய்க்கால். தெற்கேயும் தென்மேற்கேயும் சிவந்த மேடு. பெரிய கோயில் நிற்பது வண்டலில் அல்ல, இந்த மேட்டு நிலத்தின் விளிம்பில்தான். அந்தப் பாரத்தை வயல் சேற்றில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! பஸ் மெடிக்கல் காலேஜைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறுவது ஜன்னலிலேயே தெரிந்தது. நெல் மறைந்து முந்திரி வந்தது. ஒரு பனை உயரம் ஏறியிருப்போமோ என்னவோ, காற்றுகூட மாறிவிட்டது. வெள்ளைக்காரர் காலத்தில் ஜில்லா கலெக்டர் தமது வாசஸ்தலத்தை வல்லத்தில் வைத்துக்கொண்டதற்கு இந்த உலர்ந்த காற்றும் ஒரு காரணம். கீழே கொசுவும் சேறும், மேலே ஆரோக்கியம்!

ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் எதற்காகவோ மண் வெட்டிய ஒரு பள்ளம் இருந்தது. அதன் சுவரைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. மேலே ஒரு முழம் கனத்துக்குத் துருப்பிடித்த இரும்பு போன்ற, ஓட்டை ஓட்டையான கெட்டிப் பொருக்கு. அதன் கீழே வெள்ளை, மஞ்சள், ரோஜா நிறம் எல்லாம் கலந்து கையால் உதிர்க்கக்கூடிய மணற்கல். மழை கீழ் அடுக்கை அரித்து உள்ளே தள்ளியிருந்தது. மேல் பொருக்கு சன்ஷேட் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருந்த சில பாளங்கள் உடைந்து அடியில் கிடந்தன. அரிஸோனாவில் ஆயிரம் அடியில் நடப்பது வல்லத்தில் பத்தடியில் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பொருக்குத்தான் செம்பூராங்கல். 1807-ல் புக்கனன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கேரளத்தில் அங்காடிப்புரம் பக்கத்தில் இதைப் பார்த்துவிட்டு, செங்கல்லுக்கான லத்தீன் வார்த்தையை வைத்து 'லேட்டரைட்' என்று பெயர் சூட்டினார். வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றுப்பட்டதும் இறுகும். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற தேசத்தில், மழைநீர் பாறையிலுள்ள கரையக்கூடியதையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. இரும்பும் அலுமினியமும் மட்டும் பின்தங்குகின்றன. அந்த மிச்சம்தான் இந்த மூடி.

கீழேயுள்ள மணற்கல்லுக்குப் பூகர்ப்ப சாஸ்திரத்தில் 'கடலூர் மணற்கல்' என்று பெயர். புதுச்சேரியில் ஆரம்பித்துக் கடலூர், நெய்வேலி, ஜெயங்கொண்டம், வல்லம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை என்று விட்டு விட்டுத் தெற்கே போகிறது. நெய்வேலி நிலக்கரி இதன் மடியில்தான் இருக்கிறது. விழுப்புரம் ஜில்லாவில் திருவக்கரையில் இதே மணற்கல்லில் சுமார் 2 கோடி வருஷத்துப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலில் புதைந்து, அங்குலம் அங்குலமாக மரம் போய்க் கல் வந்திருக்கிறது. கல்மரம் என்றதும் இன்னொரு விஷயம். பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் இன்னும் பழமையான கல்மரத்தை 1940-ல் உலகுக்குத் தெரிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன். பிற்பாடு இந்தியப் பூகர்ப்ப இலாகாவுக்குத் தலைவரான முதல் இந்தியர். மகாராஜபுரத்துக்காரர், அதாவது நம் தஞ்சை ஜில்லாதான். மலையில்லாத ஜில்லாவிலிருந்து கல்லுக்கு ஒரு பண்டிதர்!

"இந்த மணலும் காத்துலே வந்ததா சித்தி?" என்று கேட்டாள் பேத்தி.

நல்ல கேள்வி. பதில் அவள் காலடியிலேயே கிடந்தது. பள்ளம் முழுவதும் கூழாங்கற்கள். காற்று மணலைத் தூக்கும், கூழாங்கல்லைத் தூக்காது. உருட்டி உருட்டி மழுங்கச் செய்வது தண்ணீரின் வேலை. ஆகவே வல்லத்து மணல் பாலைவன மணல் அல்ல, பழைய ஆறுகளின் மணல். மேற்கே உள்ள கெட்டிப் பாறைகளை உடைத்து உருட்டிக்கொண்டு வந்தபோது மற்றதெல்லாம் பொடியாகிவிட, மிகக் கெட்டியான வெண்படிகம் மட்டும் கல்லாகவே வந்து சேர்ந்தது.

அந்தப் படிகம்தான் ஒரு காலத்தில் வல்லத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. உங்கள் வீட்டில் வயதானவர்கள் 'வல்லத்துக் கல் கண்ணாடி' என்று சொல்லிக் கேட்டிருக்கலாம். தெளிவான கல்லாகப் பொறுக்கி, அறுத்து, தேய்த்து, மூக்குக் கண்ணாடிக்கு வில்லையாக்குவார்கள். சாதாரணக் கண்ணாடியைவிடப் படிகம் கெட்டி. புடவைத் தலைப்பால் ஐம்பது வருஷம் துடைத்தாலும் கீறல் விழாது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்றும் ஒரு நம்பிக்கை. கண்ணுக்கு எப்படியோ, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி என்பது வாஸ்தவம். கண்ணாடியைவிடப் படிகம் உடம்புச் சூட்டைச் சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது. கடைக்காரன் ஏமாற்றுகிறானா என்று அந்தக் காலத்துப் பாட்டிகள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தது இதனால்தான். பிற்பாடு மலிவான கண்ணாடியும் அப்புறம் பிளாஸ்டிக்கும் வந்தன. ஒரு வில்லையை நாள்கணக்காக உட்கார்ந்து தேய்ப்பதற்கு அவற்றோடு போட்டி போட முடியுமா?

நிழலில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டோம். அப்போது பேத்தி கண்டுபிடித்தாள் ஒரு விஷயம். பள்ளத்தின் சரிவில், முந்தைய வாரத்து மழையில் மண் அரித்துப் போன இடத்தில், விரல் உயரத்துக்குக் குட்டிக் குட்டியாக மண் தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கூழாங்கல்! கல் குடை பிடித்த இடத்தில் மண் தப்பித்தது. மற்ற இடத்தில் கரைந்துவிட்டது. புத்தகத்துப் படத்தைச் சுண்டைக்காய் அளவில் யாரோ செய்து வைத்தாற்போல் இருந்தது. உங்கள் வீட்டுக் கொல்லையில், கூரைத் தண்ணீர் விழும் இடத்தில், ஐப்பசி மழை விட்டதும் பாருங்கள். நிச்சயம் நாலு நிற்கும்.

"பெரிசா ஏன் இங்கே நிக்கலே?"

மழைதான் காரணம். தஞ்சைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை. ஓயாமல் நனைந்தால் விளிம்புகள் மழுங்குகின்றன, சரிவில் புல்லும் புதரும் முளைக்கின்றன, கல்லே உள்ளுக்குள் மக்கி மண்ணாகிறது. பாலைவனத்தில் எப்போதாவது ஒருநாள் மூர்க்கமாகப் பெய்து வெட்டிவிட்டுப் போகிறது. மற்ற நாளெல்லாம் வெயில். அதனால்தான் அங்கே கத்தியால் வெட்டிய முனை அப்படியே இருக்கிறது.

நம் தேசத்திலேயே அப்படி ஒன்றைப் பார்க்க ஆசையிருந்தால் ராஜஸ்தானத்துக்குப் போக வேண்டும். இரண்டு வருஷங்களுக்கு முன் பத்திரிகை வேலையாக ஜெய்சல்மேருக்குப் போயிருந்தேன். தார் பாலைவனத்தின் நடுவே சுமார் 250 அடி உயரத்தில் திரிகூடக் குன்று. 1156-ல் ராவல் ஜெய்சல் அதன் மேல் கோட்டை கட்டினார். மஞ்சள் கல்லும் மஞ்சள் குன்றும் ஒன்றாகி, சாயங்கால வெயிலில் குன்று எங்கே முடிகிறது, கோட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. சத்யஜித் ரேயின் 'சோனார் கேல்லா' (1974) இந்தக் கோட்டைதான். மற்றக் கோட்டைகளில் வௌவால் குடியிருக்கிறது. இதிலோ இன்றும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

அங்கே ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். வீட்டுக்கார அம்மாள் குழாயைத் திறந்து சொம்பு நிறையக் கொடுத்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். அவளுடைய மாமியார் காலத்தில் குழாய் கிடையாதாம். ஊருக்கு வெளியே கடிசர் ஏரிக்கு நடந்துபோய், தலையில் குடத்தோடு அந்த ஏற்றத்தில் ஏறி வரவேண்டுமாம். அப்படிச் சுமந்த தண்ணீரில் ஒரு சொட்டு வீணாகுமா? பாத்திரம் கழுவியது மாட்டுக்குப் போகும். மிச்சம் மண்ணில் காய்ந்துவிடும்.

குழாய் வந்தது. தலைச்சுமை இறங்கியது. ஆனால் தண்ணீர் மேலே ஏறினால் கீழே இறங்கவும் வழி வேண்டுமே! வீடுகள், ஓட்டல்கள், குளியலறைகள் எல்லாவற்றிலிருந்தும் கழிவுநீர் ஒழுகும் சாக்கடை வழியே குன்றுக்குள்ளேயே இறங்கியது. திரிகூடத்திலும் கல்லுக்கு அடியில் களிமண் அடுக்குகள் உண்டு. எண்ணூறு வருஷங்களாகக் காய்ந்து கிடந்த களிமண் நனைந்தால் சோப்புக் கட்டிதான். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் ஊரில், வானத்துத் தண்ணீர் செய்யாததைக் குழாய்த் தண்ணீர் செய்தது. மதிலும் கொத்தளமும் சரிந்தன. 1996-ல் உலகில் அழியும் ஆபத்திலுள்ள நூறு நினைவுச் சின்னங்களின் பட்டியலில் ஜெய்சல்மேர் சேர்ந்தது. 2013-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது. அதன்பிறகும் ரிப்பேர் வேலைகள் ஓய்ந்தபாடில்லை.

"ஜனங்களைக் காலி செய்துவிட்டால் போகிறது" என்று சிலர் சொல்கிறார்கள். டெல்லியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அந்த அம்மாளைப் பார்த்து, "உங்கள் மாமியார் மாதிரி நீங்களும் குடம் சுமந்தால் கோட்டை பிழைக்கும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழாய் போட்டவர்கள் அன்றைக்கே சாக்கடையையும் ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். வீட்டில் கல்யாணத்துக்குச் செலவு செய்துவிட்டுக் கழிநீர்க் குழாய்க்குக் கணக்குப் பார்க்கிற புத்தி நமக்கெல்லாம் பொது.

இதையெல்லாம் இரவு அத்தையிடம் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நானே மேட்டுப் பக்கம் பொறந்தவதானே" என்றாள் அப்புறம். "ஆத்துப் பாசனத்துக்காரங்க எங்க ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க, தண்ணிக்கு நடக்கணுமேன்னு. எங்க அம்மா குடத்தை வச்சு வச்சு உச்சந்தலையிலே முடியே இல்லாமப் போச்சு. புது ஆறு வந்தப்புறம்தான் ஏதோ மூச்சு விட்டோம்."

புது ஆறு என்பது கல்லணைக் கால்வாய். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. பெரிய கோயிலைத் தொட்டுக்கொண்டு, மேட்டின் விளிம்போடு வளைந்து பட்டுக்கோட்டைச் சீமைக்குப் போகிறது. ஆனால் கால்வாய் எட்டாத மேடு இன்னும் உண்டு. அங்கே வானம்தான் கதி. அப்படிப் பெய்கிற மழையில் ஒரு பங்கு சரளையிலும் மணற்கல்லிலும் புகுந்து, கிழக்கு நோக்கி மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. உருண்டையில் மாவுக்கு நடுவே இடைவெளி உண்டல்லவா, அந்த மாதிரி இடைவெளிகளில்தான் தண்ணீர் தங்கியிருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரி வெட்ட வேண்டுமானால் இந்த மணற்கல் தண்ணீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெய்சல்மேரில் தண்ணீர் குன்றைத் தின்கிறது. இங்கே மேடு தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது. காவிரியில் தண்ணீர் வராத வருஷங்களில் டெல்டாக்காரர்கள் ஆழ்குழாயில் எடுப்பதில் இந்த மேட்டுத் தண்ணீரும் கலந்திருக்கிறது.

அன்று காலை நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்துக்கு எதிரே இரண்டு லாரிகள் வந்து கிராவல் அள்ளிக்கொண்டு போயின. ஒன்று மணிக்கூறு நேரத்துக்குள் திரும்பியும் வந்தது. எங்கேயோ ரோடு போடுகிறார்கள் போலிருக்கிறது. கீழே வயலில் மனைக்கட்டு போட்டு மேடேற்றவும் இந்த மண்தான். மூடியை எடுத்த இடத்தில் அடுத்த ஐப்பசியில் எவ்வளவு அரிக்கும் என்பதைப் பேத்தி கண்டுபிடித்த அந்த விரல் தூண்களே சொல்லும்.

அத்தை எழுந்துபோய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பழைய ஜரிகைப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு தகரக் கூடு வந்தது. உள்ளே வட்ட வில்லைகளோடு ஒரு மூக்குக் கண்ணாடி. ஒரு பக்கத்துக் காது ஒடிந்து நூலால் கட்டியிருந்தது. அவளுடைய மாமனாருடையதாம். காதைச் சரி செய்து தரச் சொல்லி ஒரு கடைக்குக் கொண்டுபோனபோது, "இதைப் போட்டுட்டு வேறே வாங்கிக்கங்க பாட்டி" என்றார்களாம். அன்றையிலிருந்து பெட்டியிலேயே இருக்கிறது.

வில்லையில் ஒரு கீறல் இல்லை. பேத்தி அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"சித்தி! நிஜமாவே ஜில்லுன்னு இருக்கு!"

"போதும் போதும், கீழே போட்டுடாதே. படம் வரைஞ்சியா இல்லையா?" என்றாள் அத்தை.

வரைந்திருந்தாள். சிவப்புப் பென்சிலால் ஒரு மண் தூண், தலையில் ஒரு கூழாங்கல். பக்கத்தில் அளவு தெரிவதற்காக ஒரு எறும்பு. கீழே கொட்டை எழுத்தில், "வல்லம் மலை."